ஒரு ஏக்கர்னு சொல்றாங்க, பட்டா என்ன சொல்லுது?

ஒரு ஏக்கர்னா 100 சென்ட், அதாவது 43,560 சதுர அடி. சென்னைக் கணக்குல 2,400 சதுர அடி கிரவுண்டா பார்த்தா 18-க்குக் கொஞ்சம் மேல. இது பலருக்கும் தெரிஞ்சதுதான். ஆனா தமிழ்நாட்டுப் பட்டாவை எடுத்துப் பாருங்க, பரப்பு ஹெக்டேர், ஏர்னுதான் போட்டிருக்கும். ஒரு ஏர் என்பது 100 சதுர மீட்டர். நம்ம சென்ட்டுல 2.47.

தரகர் 'ஒரு ஏக்கர் சார்'னு காட்டுற நிலத்துக்குப் பட்டாவுல 0 - 38.00 என்று இருக்குன்னு வைங்க. 38-ஐ 2.47-ஆல பெருக்குங்க. கிட்டத்தட்ட 94 சென்ட்தான் வரும். சென்ட் ஒரு லட்சம்னா, இல்லாத 6 சென்ட்டுக்கு 6 லட்சம் கொடுக்கறீங்க! முழு ஏக்கர்னா 40.47 ஏர் இருக்கணும்.

அட்வான்ஸ் கொடுக்கறதுக்கு முன்னாடியே இந்தக் கணக்கைப் போடுங்க. விலையையும் மொத்தமா பேசாம, சர்வேயர் அளந்து வர்ற பரப்புக்கு, சென்ட்டுக்கு இவ்வளவுன்னு ஒப்பந்தத்துல எழுதி வாங்கிக்கோங்க.