பழைய தங்கக் கைக்கடிகாரச் சேகரிப்பு

பழைய தங்கக் கைக்கடிகாரச் சேகரிப்பு என்பது, புகழ்பெற்ற நிறுவனங்கள் கடந்த நூற்றாண்டில் தங்க உறையுடன் தயாரித்த இயந்திரக் கைக்கடிகாரங்களைத் தேடி வாங்கிப் பாதுகாப்பதாகும். பட்டேக் பிலிப், வஷெரோன் கான்ஸ்டன்டின், ஆடமார் பிகே, ரோலெக்ஸ் ஆகிய சுவிட்சர்லாந்து நிறுவனங்களின் கடிகாரங்கள் இதில் முதன்மையானவை. நகையைப் போல இவற்றை எடை போட்டு விலை சொல்வதில்லை. எத்தனை செய்யப்பட்டன, எவ்வளவு மாறாமல் இருக்கின்றன, யாரிடம் இருந்தன என்பவையே விலையைத் தீர்மானிக்கின்றன.

வரலாறு

முதல் உலகப் போருக்குப் பின் சட்டைப்பைக் கடிகாரத்தின் இடத்தைக் கைக்கடிகாரம் பிடித்தது. 1969 டிசம்பர் 25 அன்று ஜப்பானின் சீக்கோ நிறுவனம் ஆஸ்ட்ரான் என்னும் முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதுவும் 18 காரட் தங்க உறை கொண்டதே. துல்லியமான குவார்ட்ஸ் கடிகாரங்கள் பின்னர் மலிவாகவும் கிடைத்ததால் இயந்திரக் கடிகாரங்களின் மதிப்பு சரிந்தது.

1980 ஜனவரியில் தங்கத்தின் விலை ஓர் அவுன்சுக்கு 850 டாலர் வரை உயர்ந்தது. அக்காலத்தில் பல பழைய கடிகாரங்களின் தங்க உறைகள் உருக்கப்பட்டன. உறையை இழந்த இயந்திரங்கள் தனியே எஞ்சின. எடைக்கு விற்றவர்களுக்குக் கிடைத்தது உலோகத்தின் விலை மட்டுமே. 1989-இல் ஜெனீவாவில் பட்டேக் பிலிப் கடிகாரங்களுக்கென்றே ஆண்டிகோரம் நடத்திய ஏலம், இவற்றின் மீது உலகின் கவனத்தைத் திருப்பியது.

புகழ்பெற்ற எடுத்துக்காட்டுகள்

பட்டேக் பிலிப் 1518: 1941-இல் அறிமுகமானது. லீப் ஆண்டையும் தானே கணக்கிடும் நிரந்தர நாட்காட்டியும் குரோனோகிராஃப் வசதியும் இணைந்து, தொடராகத் தயாரிக்கப்பட்ட முதல் கைக்கடிகாரம் இது. மொத்தம் 281 செய்யப்பட்டன. பெரும்பாலானவை மஞ்சள் தங்கம். எஃகில் செய்யப்பட்டவற்றில் அறியப்பட்டவை நான்கே. அவற்றுள் ஒன்று 2016-இல் ஜெனீவாவில் 1 கோடியே 10 லட்சம் சுவிஸ் பிராங்குக்கு ஏலம் போனது. இந்த வகையில் எஃகின் அருமை தங்கத்தை விஞ்சிவிட்டது.

ரோலெக்ஸ் 6062: வியட்நாமின் கடைசிப் பேரரசர் பாவோ தாய் அணிந்திருந்த மஞ்சள் தங்கக் கடிகாரம், கறுப்பு டயலில் வைரக் குறிகள் கொண்டது. 2017-இல் இது 50 லட்சம் சுவிஸ் பிராங்குக்கு மேல் விலைபோனது. அதிலுள்ள தங்கத்தின் மதிப்பு இத்தொகையில் மிகச் சிறிய பங்கே.

உண்மைத்தன்மையை அறிதல்

இக்கடிகாரங்களில் பெரும்பாலும் 18 காரட் தங்கம், அதாவது 75 விழுக்காடு தங்கம் பயன்படுத்தப்பட்டது. சுவிஸ் அரசு முத்திரையாக 18 காரட்டுக்கு எல்வெத்தியா என்னும் பெண்ணின் தலையும், 14 காரட்டுக்கு அணிலும் உறையில் பதிக்கப்பட்டன. 1995 முதல் இவற்றுக்குப் பதிலாக செயின்ட் பெர்னார்ட் நாயின் தலை வந்தது. எனவே 1950-களின் கடிகாரம் என்று சொல்லப்படும் ஒன்றில் நாய்த்தலை முத்திரை இருந்தால், அதன் உறை பிற்காலத்தது என்று ஐயப்பட இடமுண்டு.

உறை, டயல், இயந்திரம் மூன்றும் ஒரே கடிகாரத்துக்கு உரியவையா என்றும் பார்க்க வேண்டும். வெவ்வேறு கடிகாரங்களின் பாகங்களைச் சேர்த்து உருவாக்கியவை சந்தையில் உண்டு. பட்டேக் பிலிப் நிறுவனம் உறை எண்ணையும் இயந்திர எண்ணையும் கொண்டு தன் பழைய பதிவேடுகளைப் பார்த்து, தயாரித்த ஆண்டையும் விற்ற நாளையும் குறிப்பிடும் சான்றை வழங்குகிறது.

பராமரிப்பு

தங்கம் மென்மையான உலோகம். ஒவ்வொரு முறை பாலிஷ் போடும்போதும் அது சிறிது தேய்கிறது. உறையின் கூர்மையான விளிம்புகள் மழுங்கி, முத்திரைகள் மறைந்துவிட்டால் அவற்றை மீட்க முடியாது. டயலுக்குப் புதிதாக வண்ணம் தீட்டுவதும் மதிப்பைக் குறைக்கும். பளபளப்பான கடிகாரத்தைவிடக் கீறல்களுடன் மாறாமல் இருப்பதையே சேகரிப்பாளர்கள் விரும்புகின்றனர்.

வீட்டில் பழைய தங்கக் கடிகாரம் கிடைத்தால் அதைத் துடைத்து மெருகேற்றாமல், உருக்கவோ எடைக்கு விற்கவோ கொடுக்காமல், முதலில் அதன் எண்களையும் முத்திரைகளையும் குறித்துக்கொண்டு கடிகார வல்லுநரிடம் காட்டுவதே பாதுகாப்பானது. பழைய பெட்டியும் விற்பனை ரசீதும் இருந்தால் அவற்றையும் கடிகாரத்துடன் வைத்திருக்க வேண்டும்.