அணுமின்சாரத்தின் விலை எதனால் ஏறுகிறது?

அணுமின் நிலையத்துக்கு எரிபொருள் செலவு குறைவு. 1,000 மெகாவாட் அணு உலைக்கு ஆண்டுக்குச் சுமார் 25 டன் செறிவூட்டிய யுரேனியம் போதும். அதே அளவு மின்சாரத்துக்கு ஏறத்தாழ 30 லட்சம் டன் நிலக்கரியை எரிக்க வேண்டும்.

செலவின் பெரும்பங்கு கட்டுமானத்துக்கே போகிறது. உலை இயங்கத் தொடங்கும் வரை வருமானம் இல்லை. வாங்கிய கடனுக்கு வட்டி மட்டும் ஏறிக்கொண்டே இருக்கும். எனவே தாமதம்தான் பெரிய எதிரி.

பிரான்சின் ஃபிளமான்வில் 3 உலை இதற்குச் சான்று. 2007இல் பணி தொடங்கியபோது 330 கோடி யூரோவில் 2012க்குள் முடியும் என்று கணக்கிட்டனர். ஆனால் உலையின் அழுத்தக் கலனின் எஃகில் சில பகுதிகளில் கார்பன் அளவு மிகுந்திருந்தது. நீராவிக் குழாய்களின் பற்றவைப்புகளைத் திரும்பச் செய்ய நேர்ந்தது. 2024 டிசம்பரில்தான் அது மின்தொகுப்பில் இணைந்தது. செலவு மதிப்பீடு 1,320 கோடி யூரோவாகியிருந்தது.

செலவைக் குறைக்க வழி உண்டா? ஒரே வடிவமைப்பைத் தொடர்ந்து கட்டினால் தொழிலாளர் திறன் வளரும், பிழைகள் குறையும். 300 மெகாவாட் வரையிலான சிறு உலைகளின் பாகங்களை ஆலையிலேயே தயாரித்துக் கொண்டுவந்து பொருத்தும் திட்டமும் உண்டு. ஆனால் உலை சிறுத்தால் ஒரு மெகாவாட்டுக்கான செலவு கூடும். ஏராளமாக உற்பத்தி செய்தால்தான் அது ஈடாகும்.

சூரிய மின்சாரம் மலிவாகிவிட்டது. எனினும் அணு உலை இரவும் பகலும் இயங்கும், கரியமில வாயுவும் மிகக் குறைவு. 2023இல் துபாய் காலநிலை மாநாட்டில் 20க்கும் மேற்பட்ட நாடுகள், உலக அணுமின் திறனை 2050க்குள் மும்மடங்காக்க உறுதியளித்தன. இந்தியாவின் இலக்கு 2047க்குள் 1,00,000 மெகாவாட். குறைந்த வட்டிக் கடனும் காலந்தவறாத கட்டுமானமும் அமைந்தால்தான் இந்த இலக்குகள் கைகூடும்.