கீலொயிட் தழும்பு: வெட்டுவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி

காது குத்திய புண் ஆறி மாதங்கள் கழிந்தபின், அதே இடம் தடித்து, அரித்து, கொட்டைப்பாக்கு அளவுக்கு வளர்ந்து நிற்கும். இதுதான் கீலொயிட். சாதாரணத் தழும்பு காயத்தின் எல்லைக்குள் அடங்கும். கீலொயிட் எல்லை தாண்டிப் படரும். காயம் மூடிய பின்னும் தோலின் நார்க்கலங்கள் கொலாஜனை உற்பத்தி செய்துகொண்டே இருப்பதுதான் காரணம். கருமையான தோலினருக்கும், குடும்பத்தில் ஏற்கெனவே உள்ளவர்களுக்கும் கூடுதலாக வரும். காதுமடல், நடுநெஞ்சு, தோள் ஆகியவையே இதற்குப் பிடித்த இடங்கள். மன்னாரில் பேசாலையிலோ தலைமன்னாரிலோ வலை இழுத்து உள்ளங்கை கிழிந்தவருக்கு அந்த இடத்தில் கீலொயிட் வருவது மிக அரிது.

முதலில் செய்வது ட்ரையம்சினொலோன் என்ற ஸ்டீரொயிட் ஊசி. சில வாரங்களுக்கு ஒருமுறை தழும்புக்குள்ளேயே போடுவார்கள். வலிக்கும், பொறுமையும் வேண்டும். அதற்கும் அடங்காவிட்டால்தான் சத்திரசிகிச்சை. ஆனால் வெட்டுவதும் ஒரு புதுக் காயம்தானே! வெட்டி மட்டும் விட்டால் பாதிப்பேருக்காவது திரும்ப வளர்கிறது, சிலருக்கு முன்னையதை விடப் பெரிதாக.

அதனால்தான் கதிர்வீச்சு சேர்க்கப்படுகிறது. வெட்டிய 24 முதல் 48 மணித்தியாலத்துக்குள், நார்க்கலங்கள் பெருகத் தொடங்கும் முன்னரே, அதை ஆரம்பிப்பது வழக்கம். ஒரே தடவையாகவோ சில நாட்களாகப் பிரித்தோ கொடுப்பார்கள். பிரித்துக் கொடுக்கும்போது மொத்தக் கதிர் அளவு பெரும்பாலும் 12 முதல் 20 கிரே. சத்திரசிகிச்சையும் கதிரும் சேர்ந்தால் திரும்ப வளர்வது ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு என்று குறைகிறது.

மன்னார்க்காரருக்குச் சிக்கல் இந்த மணிக்கணக்கில்தான். வடக்கில் கதிர்வீச்சு வசதி தெல்லிப்பழை புற்றுநோய் வைத்தியசாலையில் இருக்கிறது. பூநகரி வழியாகச் சங்குப்பிட்டிப் பாலம் கடந்து, நூறு கிலோமீட்டருக்கும் மேல் போக வேண்டும். கதிர் தொடங்கும் திகதி உறுதியாகாமல் சத்திரசிகிச்சைக்கு ஒப்பமிடாதீர்கள். அந்த நாட்களில் யார் வீட்டில் தங்குவது என்பதையும் முன்கூட்டியே பார்த்துவையுங்கள்.

புற்றுநோய் வைத்தியசாலை என்ற பெயரைக் கேட்டே பின்வாங்குகிறவர்கள் உண்டு. கீலொயிட் புற்றுநோய் அல்ல. பின்னாளில் கதிரால் புற்று வரும் ஆபத்து மிகச் சிறியது, ஆனால் அறவே இல்லை என்றும் சொல்ல முடியாது. ஆகவே கர்ப்பிணிகளுக்குக் கொடுப்பதில்லை. சிறுபிள்ளைகளுக்கும், தைரோயிட், மார்பகம் அருகிலும் மிகுந்த யோசனையோடுதான் கொடுப்பார்கள்.

திரும்ப வளர்வது பெரும்பாலும் முதல் இரண்டு வருடங்களுக்குள். அதுவரை கிளினிக் திகதியைத் தவறவிடக் கூடாது. சிறு தடிப்பிலேயே கண்டால் ஊசியோடு அடங்க வாய்ப்புண்டு.