இரண்டாவது என்ஜினுக்கும் தீனி போட வேண்டும்

அமெரிக்காவில் அறுபதுகளில் செய்த பைப்பர் அபாச்சியோ செஸ்னா 310-ஓ ஒரு சொகுசுக் கார் விலைக்குள் கிடைத்துவிடும். இரண்டு என்ஜின், நாலைந்து இருக்கை உள்ள விமானம் இவ்வளவு மலிவா என்று மலைக்க வேண்டாம். யானையை வாங்கிவிடலாம்; கட்டித் தீனி போடுவதுதான் பாடு.

பீச்கிராஃப்ட் பேரன் 58-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அழகான விமானம், வேகமும் உண்டு. மணிக்குச் சுமார் 30 கேலன் பெட்ரோல் குடிக்கும். என்ஜினைப் பிரித்து ஓவர்ஹால் செய்யும் நாள் வந்தால் பில் இரண்டு. பழைய விமானமாக இருந்தால் அந்தத் தொகை வாங்கிய விலையையே தொட்டுவிடும்.

கையைக் கடிக்காமல் இருக்க வேண்டுமென்றால் என் ஓட்டு பைப்பர் ட்வின் கமாஞ்சிக்கு. 160 குதிரைசக்தி என்ஜின் இரண்டு. சுமார் 17 கேலனில் மணிக்கு 300 கிலோமீட்டர் போகும். 1972 ஜூனில் ஆக்னஸ் புயல் வெள்ளம் பென்சில்வேனியாவின் லாக் ஹேவன் தொழிற்சாலைக்குள் புகுந்தது. இந்த மாடலின் உற்பத்தி அதோடு நின்றது. ஆகவே விலை பேசுமுன் உதிரிபாகங்களைப் பற்றி விசாரித்துவிடுங்கள்.

'ஒன்று போனால் இன்னொன்று இருக்கிறதே' என்பதில்தான் வில்லங்கம். ஒரு என்ஜின் நின்றால் சக்தி பாதிதான் போகும். மேலேறும் திறனோ எண்பது சதவீதத்துக்கு மேல் போய்விடும். கடல்மட்டத்தில் எப்படியோ சமாளிக்கும் ட்வின் கமாஞ்சி, 9,934 அடி உயரத்திலுள்ள கொலராடோவின் லெட்வில் விமானநிலையத்தில் ஒற்றை என்ஜினோடு உயரத்தைத் தக்கவைக்காது. விழப்போகிற இடம்வரை கொண்டுபோய்ச் சேர்க்கத்தான் இரண்டாவது என்ஜின் என்று விமானிகள் கேலி பேசுவது சும்மா இல்லை.

தரையை விட்டு எழும்பியதும் ஒன்று நின்றால் மூக்கு அந்தப் பக்கம் இழுக்கும். எதிர்ப்பக்கப் பெடலை அழுத்தி நேராக்க வேண்டும். எந்தக் கால் சும்மா இருக்கிறதோ, அந்தப் பக்கத்து என்ஜின்தான் செத்தது. அதை உறுதி செய்துகொண்டு, அந்தப் புரொப்பல்லரின் இறக்கைகளைக் காற்றைத் தடுக்காதபடி திருப்பிவிட வேண்டும். வேகமானியில் நீலக் கோட்டருகே முள் நிற்க வேண்டும்; சிவப்புக் கோட்டுக்குக் கீழே போனால் விமானம் புரண்டுவிடும். பதற்றத்தில் நல்ல என்ஜினை அணைத்தவர்களும் உண்டு.

இரவிலும், ஃபுளோரிடாவிலிருந்து பஹாமாஸுக்குக் கடல் மேலும் அடிக்கடி பறப்பவர் இரட்டை என்ஜின் விமானத்தைத் தாராளமாக வாங்கலாம். என்ஜின் நின்றால் சமாளிக்கும் ஒத்திகைக்கான பயிற்சியாளர் கட்டணத்தையும் பெட்ரோலோடு சேர்த்தே கணக்கெழுத வேண்டும். மாதம் ஓரிரு முறை மட்டும் கிளம்புகிறவருக்கு ஒற்றை என்ஜின் சிர்ரஸ் எஸ்ஆர்22 போதும். அதில் விமானத்தையே தாங்கி இறக்கும் பாராசூட் இருக்கிறது.