வைக்கோல் கட்டும் இயந்திரம்: செயினை மட்டும் மாற்றினால் போதுமா?

தை, மாசி மாதங்களில் காவிரிப் பாசன வயல்களில் சம்பா அறுவடையாகும்போது, அறுவடை இயந்திரம் போன வழியெல்லாம் வைக்கோல் வரிசையாகக் கிடக்கிறது. அரிவாளால் அறுத்த காலத்தில் தாள் கட்டோடு களத்துக்கு வந்து சேர்ந்தது. இப்போது டிராக்டருக்குப் பின்னால் பூட்டிய இயந்திரம் வந்து சுருட்டிக் கட்டினால்தான் மாட்டுக்குத் தீனி. நாலு நாள் பனியில் நனைந்து, மேலே ஒரு மழையும் பெய்தால் வைக்கோல் கறுத்துவிடும். மாடு முகர்ந்து பார்த்துவிட்டு ஒதுங்கிவிடும். அந்தச் சமயம் பார்த்துத்தான் இயந்திரம் கடகடவென்று சத்தமிட்டு, செயின் பல் தாண்டி நிற்கிறது.

பழைய இயந்திரத்தைக் கூட்டாக வாங்கிய விவசாயிகள் உடனே புதுச் செயின் போடுகிறார்கள். அதே பருவத்தில் அதுவும் தளர்ந்துவிடுகிறது. மட்டமான சரக்கு என்று கடைக்காரரைத் திட்டுவதுண்டு. பல வேளைகளில் கோளாறு செயினில் இல்லை. கியர் பெட்டிக்குள் இருக்கிறது.

டிராக்டரின் பி.டி.ஓ. ஷாப்ட் நிமிடத்துக்கு 540 சுற்று வேகத்தில் கியர் பெட்டியைச் சுழற்றுகிறது. பெட்டிக்குள் இருக்கும் இரண்டு சாய்வுப் பல் கியர்கள் அந்தச் சுழற்சியைப் பக்கவாட்டுக்குத் திருப்புகின்றன. பக்கவாட்டு ஷாப்டிலிருந்து பல் சக்கரமும் செயினும் வழியாக உருளைகளுக்குச் சக்தி போகிறது. அந்த ஷாப்டைத் தாங்கும் பேரிங் தேய்ந்தால் பல் சக்கரம் ஆடும். செயின் நேர்கோட்டில் ஓடாமல் ஒரு பக்கமாக உராய்ந்து தேயும். எத்தனை புதுச் செயின் போட்டாலும் இதே கதைதான்.

ஆகவே முதல் வேலை, ஷாப்டை ஆட்டிப் பார்ப்பது. எஞ்சினை நிறுத்தி, சாவியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, பி.டி.ஓ. இணைப்பையும் கழற்றிவிட வேண்டும். பிறகு செயினைக் கழற்றி, ஷாப்டைப் பிடித்து மேலும் கீழும், உள்ளும் வெளியும் அசைக்க வேண்டும். லொடலொடவென்று ஆடினால் பேரிங் போய்விட்டது. அடுத்து, அடியிலுள்ள திருகைக் கழற்றிப் பழைய ஆயிலை வெள்ளைத் துணியில் வடித்துப் பார்க்கலாம். பால் போல வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. சாம்பல் நிறத்தில் மெல்லிய பூச்சாக ஒட்டினால் சாதாரணத் தேய்மானம். செதில் செதிலாக இரும்பு வந்தால் பெட்டியைத் திறந்தே ஆக வேண்டும்.

பேரிங் போவதற்கு முக்கியக் காரணம் ஆயில் ஒழுகுவது. வைக்கோலும் கட்டுக் கயிறும் ஷாப்டில் சுற்றிக்கொண்டு ஆயில் சீலை அறுத்துவிடுகின்றன. அன்றாடம் கத்தியால் அறுத்து எடுத்துவிட்டால் பாதித் தொல்லை தீரும். இன்னொன்றைப் பலர் கவனிப்பதில்லை. பெட்டியின் மேலே காற்று போக ஒரு சிறு துளை உண்டு. அது தூசியால் அடைத்துக்கொண்டால், சூடேறும்போது உள்ளே அழுத்தம் கூடி ஆயிலை சீல் வழியே தள்ளும். சீல் மேல் சீல் மாற்றுவோர் முதலில் அந்தத் துளையைச் சுத்தம் செய்து பார்ப்பது நலம். சீல் உட்காரும் இடத்தில் ஷாப்டில் பள்ளம் விழுந்திருந்தால் புது சீலும் நிற்காது. லேத்துப் பட்டறையில்தான் சரிசெய்ய வேண்டும்.

பெட்டியைத் திறந்தால் கியர்களை ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும். தேய்ந்த பல்லோடு புதுப் பல் சேர்ந்து ஓடாது. கியர்களின் இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய ஷிம் தகடுகளில் எது எந்தப் பக்கம் இருந்தது என்று குறித்துவைக்காமல் பிரிப்பவரிடம் வேலை கொடுக்கக்கூடாது. அந்த அளவு தவறினால் புது கியரும் ஒரு பருவம் தாங்காது. எண்ணெய், தயாரிப்பாளர் சொன்ன தரத்தில், அளவுத் திருகு மட்டம் வரை.

செயினுக்கு ஓர் எளிய அளவு உண்டு. முக்கால் அங்குலச் செயினில் 16 கண்ணி, புதிதில் சரியாக ஓர் அடி. ஓர் அங்குலச் செயினில் 12 கண்ணி ஓர் அடி. செயினை இழுத்துப் பிடித்து, பின்னின் மையத்திலிருந்து மையத்துக்கு அளக்க வேண்டும். பன்னிரண்டேகால் அங்குலம் வந்தால் புதியது வாங்கிவைக்க வேண்டும். அதற்கும் அரைக்கால் அங்குலம் கூடினால் கழித்துவிட வேண்டியதுதான். பழைய செயினில் இரண்டு புதுக் கண்ணி சேர்ப்பது வீண். பல் சக்கரத்தின் பற்கள் கொக்கி போல வளைந்திருந்தால் அதையும் சேர்த்து மாற்ற வேண்டும். இரண்டு சக்கரங்களும் ஒரே நேரில் இருக்கின்றனவா என்று நூல் பிடித்துப் பார்க்கலாம். இணைப்புக் கண்ணியின் கிளிப்பில் மூடிய முனை செயின் ஓடும் திசையை நோக்கியிருக்க வேண்டும்.

செயினை வீணைத் தந்தி போல முறுக்குவதும் தவறு. அது பேரிங்கையே இழுத்துக் கெடுக்கும். சக்கரங்களுக்கு நடுவே ஓர் அடி நீளத்துக்குக் கால் அங்குலம் என்ற கணக்கில் தொய்வு வேண்டும். நெல் வைக்கோலில் மணற்சத்து அதிகம். அதன் தூசி கிரீஸில் ஒட்டினால் அரம் போல அராவும். அதனால் மாலையில் வேலை முடிந்து எஞ்சினை நிறுத்தியதும், செயின் சூடாக இருக்கும்போதே துடைத்து, கண்ணித் தகடுகளுக்கு இடையில் எண்ணெய் விடுவது மேல்.

பல இயந்திரங்களில் பாரம் மிஞ்சினால் உடையும்படி ஒரு மெல்லிய போல்ட் வைத்திருக்கிறார்கள். அது அடிக்கடி உடைகிறதே என்று கெட்டியான போல்ட் போட்டுவிடுகிறார்கள் சிலர். அடுத்த அடைப்பில் போல்ட் உடையாது. கியர் பல் உடையும். சில ரூபாய்ப் பொருளைக் காப்பாற்றப் போய்ப் பெட்டியையே இழந்த கதை இது.

பழுது பார்த்த பிறகு வைக்கோல் விடாமல் கால் மணி நேரம் வெறுமனே ஓட்டி, நிறுத்தி, பெட்டியில் கை வைத்துப் பார்க்க வேண்டும். கை வைக்க முடியாமல் சுட்டால் பேரிங் இறுக்கமாக உட்கார்ந்திருக்கிறது. புதுச் செயின் முதல் சில மணி நேரத்தில் கொஞ்சம் தளரும். அன்று மாலையே ஒருமுறை இழுத்து வைக்க வேண்டும்.