பாரு எரிமலைச் சரிவின் கெய்ஷா காப்பி

பனாமாவின் மேற்கில், 3,474 மீட்டர் உயரமுள்ள பாரு எரிமலையின் சரிவில் போக்கேட்டே என்னும் ஊரைச் சுற்றியுள்ள தோட்டங்களில் விளையும் கெய்ஷா, இன்று உலகிலேயே மிக உயர்ந்த விலைக்கு ஏலம் போகும் காப்பி வகைகளுள் ஒன்று. ஆனால், இந்த வகை பல பத்தாண்டுகள் எவராலும் பொருட்படுத்தப்படாமலே கிடந்தது.

1930-களில் எத்தியோப்பியாவின் தென்மேற்குக் காடுகளில் சேகரிக்கப்பட்ட இதன் விதைகள், கிழக்கு ஆப்பிரிக்க ஆய்வு நிலையங்களின் வழியாக 1953-இல் கோஸ்டா ரிக்காவின் துரியால்பா வேளாண் ஆய்வு மையத்தை அடைந்து, 1960-களில் பனாமாவுக்குள் வந்தன. சுவைக்காக எவரும் அதை நடவில்லை. இலைத்துரு நோயைத் தாங்கும் என்ற நம்பிக்கையே அதற்குக் காரணம். இலையின் அடிப்புறத்தில் மஞ்சள் பொடியாகப் படர்ந்து இலைகளை உதிர்த்துவிடும் இப்பூஞ்சை நோய்தான், 1869 முதல் இலங்கையின் காப்பித் தோட்டங்களை அழித்து, அங்கே தேயிலை வேரூன்ற வழிவிட்டது. எனினும் கெய்ஷா மரத்தின் கிளைகள் எளிதில் முறிந்தன, காய்ப்பும் குறைவாக இருந்தது. ஆகவே பலர் அதைக் கைவிட்டனர். எஞ்சிய மரங்களின் பழங்களும் பிற வகைகளோடு கலந்தே பதப்படுத்தப்பட்டதால், அதன் தனிச்சுவை வெளிப்பட வாய்ப்பில்லாமல் போயிற்று.

பீட்டர்சன் குடும்பத்தாரின் எஸ்மெரால்டா தோட்டத்தில் ஒவ்வொரு பகுதியின் விளைச்சலையும் தனித்தனியே பிரித்துச் சுவைத்துப் பார்த்தபோதுதான், மல்லிகை மணமும் எலுமிச்சை இனப் பழங்களின் இனிய புளிப்பும் கொண்ட இக்காப்பி அடையாளம் காணப்பட்டது. 2004-இல் பனாமாவின் தேசியப் போட்டியில் முதலிடம் பெற்ற அது, ஏலத்தில் பவுண்டு 21 டாலருக்கு விலைபோனது. சாதாரணக் காப்பி பவுண்டுக்கு ஒரு டாலர்கூடப் பெறாத காலம் அது.

இச்சுவைக்கு உயரமும் முக்கியக் காரணம். குளிர்ந்த மலைப்பகுதியில் பழம் மெல்லப் பழுப்பதால் கொட்டை இறுகி, அடர்த்தி மிகுந்து விளைகிறது. இதனாலேயே குவாத்தமாலாவில் விளையும் உயரத்தைக் கொண்டே கொட்டையைத் தரம் பிரிக்கும் மரபு உண்டு.

தரத்தை அறியும் முறை எளிமையானது, ஆனால் கண்டிப்பானது. இளவறுப்பாக வறுத்துக் கொரகொரப்பாக அரைத்த தூளைக் கிண்ணத்திலிட்டு வெந்நீர் ஊற்றி, நான்கு நிமிடம் கழித்து மேலே மிதக்கும் தூள் ஏட்டைக் கரண்டியால் விலக்கி மணம் பார்த்து, பின்னர் ஓசை எழ உறிஞ்சிச் சுவைக்கிறார்கள். பாலும் சர்க்கரையும் சேர்ப்பதில்லை. நூற்றுக்கு 80 மதிப்பெண்ணாவது பெற்றால்தான் அது ‘ஸ்பெஷாலிட்டி’, அதாவது சிறப்புத் தரக் காப்பி எனப்படும்.

அந்த மதிப்பெண்ணில் பெரும்பங்கு பறிப்பவர்களின் கைகளுக்கு உரியது என்பதை ஏலச் செய்திகள் சொல்வதே இல்லை. ஒரே கிளையில் பச்சைக் காயும் செம்பழமும் கலந்தே நிற்பதால், அறுவடைக் காலத்தில் போக்கேட்டேக்கு வரும் நோபே பழங்குடிக் குடும்பத்தினர், ஒவ்வொரு மரத்துக்கும் பலமுறை திரும்பி வந்து, முற்றச் சிவந்தவற்றை மட்டும் ஒவ்வொன்றாகக் கொய்கிறார்கள்.