கடுகளவு நத்தைக்கு மூன்று பெயர்கள்

ஆற்றுத் தண்ணீரால் வரும் நோய் என்றதும் நம் வாசகர்களுக்கு வயிற்றுப்போக்கும் மஞ்சள் காமாலையும்தான் நினைவுக்கு வரும். மீகாங் ஆற்றங்கரை மக்களுக்கு வேறொன்றும் உண்டு. கல்லீரல் இறுகி, மண்ணீரல் வீங்கி, வயிற்றில் நீர் கோத்துக்கொள்ளும். நம் பெரியவர்கள் மகோதரம் என்பார்களே, அதே தோற்றம். லாவோஸின் தெற்கிலுள்ள கோங் தீவும், கம்போடியாவின் கிராச்சே, ஸ்டுங் திரெங் மாகாணங்களும் இந்நோய்க்குப் பேர்போனவை. அந்நாட்டில் இந்த ஆற்றை நம்பி மீன்பிடித்து வாழ்பவர்களில் சாம் முஸ்லிம்களும் உண்டு.

காரணம் ஒரு ரத்தப் புழு. நோயாளியின் மலத்தோடு அதன் முட்டை ஆற்றில் சேர்கிறது. அதிலிருந்து வெளிவரும் நுண்புழு குறிப்பிட்ட ஒரு நத்தைக்குள் புகுந்து பெருகுகிறது. பிறகு வெளியேறி, தண்ணீரில் நிற்பவரின் தோலைத் துளைத்து உடலுக்குள் போய்விடுகிறது. அந்த நத்தை இல்லாவிட்டால் புழு வளராது, நோயும் பரவாது. ஆகவே எந்த நத்தை என்பதே முதல் கேள்வி.

சீனா, ஜப்பான், பிலிப்பைன்ஸ் நாடுகளில் இதே போன்ற நோய்க்கு ஓன்கோமெலானியா என்னும் சிறு நத்தை காரணம் என்பது முன்பே தெரிந்திருந்தது. 1957-இல் லாவோஸ் நாட்டவர் ஒருவருக்கு இந்நோய் இருப்பது பாரிஸில் கண்டறியப்பட்டபோது, அதே புழு, அதே நத்தை என்று எண்ணுவதுதான் இயல்பு. ஆனால் ஓன்கோமெலானியா பாதி நாள் கரையில் வாழும் நத்தை. ஈரமண்ணிலும் வாய்க்கால் ஓரத்திலும் ஊர்ந்து திரியும். அதனால்தான் சீனாவில் வாய்க்கால்களை மண்ணிட்டு மூடியும், ஜப்பானில் சிமெண்ட் பூசியும் அதைப் பெருமளவு குறைக்க முடிந்தது. மீகாங்கில் கிடைத்ததோ கடுகை விடச் சற்றே பெரியது, மிளகை விடச் சிறியது. தண்ணீருக்கடியில் கல்லிலும் சுள்ளியிலும் ஒட்டிக்கொண்டே வாழ்வது. அதற்காக எந்த வாய்க்காலை மூடுவது?

1971-இல் இதற்கு லித்தோகிளிஃபாப்சிஸ் அபெர்ட்டா என்று பெயரிட்டார்கள். முன்பெயர் ஒரு சீன நத்தையின் பேரினத்துடையது. ஓடு பார்ப்பதற்கு ஒத்திருந்தது என்பதுதான் அதற்கு அடிப்படை. இங்கேதான் சிக்கல். இவ்வளவு சிறிய நத்தைகளில் ஓடு நம்பத்தக்க சாட்சி அல்ல. ஓடும் நீரில் கல்லைப் பற்றி வாழும் நத்தைகள், உறவே இல்லாதவையானாலும், ஒரே வடிவத்துக்கு வந்துவிடுகின்றன. ஒரே சீருடை அணிந்தவர்களை ஒரே குடும்பம் என்று சொல்லிவிடலாமா?

பிலடெல்பியா இயற்கை அறிவியல் கழகத்தைச் சேர்ந்த ஜார்ஜ் டேவிஸ் ஓட்டை நீக்கி உள்ளே பார்த்தார். உருப்பெருக்கியின் கீழ் வைத்து நாக்கின் பல்வரிசை, ஆணின் உறுப்பு, முக்கியமாகப் பெண் நத்தையின் இனப்பெருக்கக் குழாய்கள் எந்த வழியாகப் போய் எங்கே திறக்கின்றன என்பதை வரைந்தார். மூன்று மில்லிமீட்டர் உயிருக்குள் இதைச் செய்வதற்கு எவ்வளவு பொறுமை வேண்டும் என்று நமக்கு வியப்பாகவே இருக்கிறது. 1979-இல் வெளிவந்த அவரது பெருநூல், மீகாங்கில் இத்தகைய நத்தைகள் தொண்ணூறுக்கும் மேல் உண்டு என்றும், அவை பொமாட்டியாப்சிடே குடும்பத்தில் டிரிகுலினே என்னும் துணைக்குடும்பம் என்றும் காட்டியது. ஓன்கோமெலானியாவும் அதே குடும்பம்தான், ஆனால் வேறு துணைக்குடும்பம். ஒருவகையில் பெரியப்பா மக்கள், சித்தப்பா மக்கள் என்று வைத்துக்கொள்ளலாம்.

இதற்குள் நம் நத்தை டிரிகுலா அபெர்ட்டா ஆகியிருந்தது. டிரிகுலா என்ற பெயர் நம் நாட்டிலிருந்து போனது. நைனிதால் பக்கத்திலுள்ள பீம்தாலில் கிடைத்த நத்தைக்கு 1843-இல் பென்சன் இட்ட பெயர் அது. அந்தப் பீம்தால் நத்தையின் உட்புறம் எப்படி இருக்கும் என்று தெரியாமலே பல ஆசிய நத்தைகளை அதன் பேரினத்தில் சேர்த்து வந்தார்கள். டேவிஸும் இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் சுப்பா ராவும் ஹோக்லண்டும் மூல நத்தையைத் தேடி ஆராய்ந்து, மீகாங் நத்தை அந்தப் பேரினம் அல்ல என்று நிறுவினார்கள். 1986-இல் அது நியோட்ரிகுலா அபெர்ட்டா ஆயிற்று. அதாவது புதிய டிரிகுலா.

புழுவும் தனி இனம் என்பது 1978-இல் உறுதியானது. அதன் முட்டை சிறியது, உருண்டையானது. ஓன்கோமெலானியாவுக்குள் அது சரியாக வளர்வதில்லை. நத்தையைப் பிரித்தறிந்ததே புழுவைப் பிரித்தறியவும் உதவிற்று.

பெயர் மாறியதால் நோயாளிக்கு என்ன பயன் என்று கேட்கலாம். பெரும் பயன் உண்டு. இது கரை நத்தை அல்ல என்று தெளிந்தபின், இவ்வளவு பெரிய ஆற்றில் நத்தையை ஒழிக்கும் முயற்சிக்கு இடமில்லாமல் போயிற்று. மாறாக, ஊர் முழுவதற்கும் பிராசிகுவாண்டல் மாத்திரை கொடுப்பது வழியாயிற்று. கம்போடியாவில் 1990களின் நடுவில் தொடங்கிய இப்பணியால் நோய் வெகுவாகக் குறைந்தது. ஆற்றில் நீர் வற்றும் மார்ச் முதல் மே வரை நத்தைகள் மிகுதி. அப்போதுதான் வெயிலுக்குப் பிள்ளைகளும் தண்ணீரிலேயே கிடக்கிறார்கள்.

இந்த ஓர் இனத்துக்குள்ளும் ஆல்பா, பீட்டா, காமா என மூன்று வகைகள் உள்ளன. மீகாங்கில் நோய் பரப்புவதாக அறியப்பட்டது காமா. தாய்லாந்தின் மூன் ஆற்றில் பீட்டா வாழ்கிறது. ஆய்வுக்கூடத்தில் அதனுள்ளும் புழு வளர்கிறது. பின்னர் மரபணு ஆய்வு செய்தவர்கள், முன்பு குறிக்கப்படாத கிளையாறுகளிலும் இந்த நத்தையைக் கண்டார்கள். கிளையாற்றங்கரை ஊர்களிலும் பரிசோதனை தேவைப்படுவது இதனால்தான். மாத்திரை உள்ளே இருக்கும் புழுவைக் கொல்லுமே தவிர, மறுநாள் ஆற்றில் இறங்குபவரைக் காக்காது. கழிப்பறை கட்டினால் மனிதரின் முட்டை ஆற்றில் சேராது. நாய்களும் பன்றிகளும் அதே புழுவைச் சுமக்கின்றன. அவற்றுக்கு யாரும் மாத்திரை கொடுப்பதில்லை.